முதுகில் இருந்தது, இமையில் வந்தது

ஆரோக்கியராஜுக்கு இடது மேலிமையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தபோது, பிறந்து இருபது நாள். கொசுக்கடி என்று அம்மா ஜோதி தேங்காய் எண்ணெய் தடவினாள். மூன்றாம் மாதம் அது இலந்தைப் பழ அளவுக்குத் தடித்து, இமையை அழுத்திக் கண்ணை மூடிவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு பிள்ளை பால் குடித்தான்.

அவன் அப்பன் சவரிராஜ் பயப்படவில்லை. ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிகளுக்கு இரும்பு கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் அவன் வெல்டர். அதே பட்டறையில் இரும்பைத் தேய்த்து, துருப் பிடிக்காதிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிப்பவள் ஜோதி. மூத்தவள் டோரதிக்கும் முதுகில் இதே மாதிரி சிவப்பு மச்சம் இருந்தது. "ஒண்ணும் பண்ணாதீங்க, தானா அமுங்கிடும்" என்றார் தென்னூர் டாக்டர் ஒருவர். நாலு வயதில் அமுங்கியும் விட்டது. டாக்டர் சொல்லி அப்படியே பலித்தது சவரிராஜுக்கு அந்த ஒரு தடவைதான். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

தடுப்பூசிக்கு வரச்சொல்ல வந்த நர்சு சபீனா பிள்ளையைப் பார்த்ததும் பதறினாள்.

"அண்ணே, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. மருந்து குடுத்தா சுருங்கிடும்."

"மூத்தவளுக்கும் இருந்துச்சும்மா. தானாப் போயிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"முதுகுல."

"முதுகு பாக்குறதில்லண்ணே. இது கண்ணு. தெறந்து கெடந்தாத்தான் பார்வை வளரும். மூடியே கெடந்தா மூளை அந்தக் கண்ண மறந்துடும்."

சவரிராஜ் சிரித்துவிட்டான். "கண்ணாடி போடாம வெல்டிங் அடிச்ச வம்சம்மா இது. எங்க கண்ணு எதையும் மறக்காது."

சபீனா இன்னும் இரண்டு முறை வந்து சொன்னாள். "ஒரு எட்டு போயிட்டு வந்துடுவோமே" என்றாள் ஜோதி. "தொடாதன்னு டாக்டர் சொன்னத நான் தொடச் சொல்லவா?" என்று கத்தினான். அதற்கப்புறம் அவள் பஸ்ஸில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று மச்சத்தின் மேல் மையைத் தீட்டினாள்.

இரண்டு வயதில் அது சுருங்கி, இமை ஏறி, கண் முழுசாகத் திறந்தது. சவரிராஜ் பட்டறைக்கே போண்டா வாங்கிக் கொடுத்தான்.

அன்று மதியம் பிள்ளையும் பட்டறையில் இருந்தான்; வெல்டிங் நின்றிருந்தது. சவரிராஜ் ஒரு இரும்பு ஆங்கிளைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, வளைவு இருக்கிறதா என்று பார்த்தான். பிள்ளையும் ஒரு துண்டுக் கம்பியைத் தூக்கினான்.

"ஒரு கண்ண மூடுடா மேஸ்திரி!"

பிள்ளைக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சவரிராஜ் தன் உள்ளங்கையால் அவன் வலது கண்ணைப் பொத்தினான்.

கம்பி கீழே விழுந்தது.

"அப்பா, இருட்டு."

"அம்மா எங்க, சொல்லு?"

ஜோதி பெயிண்ட் பிரஷ்ஷோடு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். பிள்ளையின் கைகள் காற்றில் அவளைத் தேடின. திறந்திருந்த இடது கண் எங்கோ வெறித்தது.

"கைய எடுங்க" என்றாள் ஜோதி.

அவன் எடுக்கவில்லை.

"எடுங்கன்றேன்ல!"

எடுத்தான். பிள்ளை இதை விளையாட்டு என்று நினைத்தான் போல. "இப்ப அப்பா!" என்று பிஞ்சுக் கையால் சவரிராஜின் ஒரு கண்ணைப் பொத்தினான். மற்றக் கண்ணுக்கு ஜோதி தெரிந்தாள். பிரஷ்ஷிலிருந்து ரெட் ஆக்சைடு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"முதுகு பாக்குறதில்லன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப," என்றாள், "நீங்க சிரிச்சீங்க."