கயிறக்கா சொன்னது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. ஓர் ஆய்விதழின் ஆசிரியர் அனுப்பியிருந்தார். தக்காளி வாடல் நோய் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது, படித்து மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஆய்வாளர் திறந்து படித்தாள். இரண்டாம் பத்தியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பசுமைக்குடிலில் நோய் பரவுவது காற்றால் அல்ல. போன பருவத்தில் செடி கட்டிய கயிற்றையே மறுபடி கட்டுவதால். பூஞ்சை கயிற்றின் முறுக்குக்குள் பதுங்கியிருக்கிறது.

நாலு வருடமாக அவள் பாடுபட்டுக் கண்டதும் அதுதான். அவளுடைய கட்டுரையில் ஒரே ஒரு படம்தான் பாக்கி.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். முன்னறையில் கணவர் தையல் இயந்திரத்தில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கப்பல் கவிழ்ந்த மாதிரி வர்ற?"

சொன்னாள்.

"அத உன்கிட்டயேவா அனுப்பினாங்க? போட்டிக்காரிகிட்டயே பரீட்சைப் பேப்பரத் திருத்தக் குடுத்த கதையால்ல இருக்கு!"

"சிரிக்காதீங்க."

"ரெண்டு மாசம் மேசையில போட்டு வை. யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள உன்னோடத அனுப்பிடு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஒண்ணும் திருடலையே," என்றாள்.

"நீயும்தான் திருடல. யாரு முதல்ல பாத்தாங்கன்னு தேதி இருக்கும்ல? அதப் பாரு."

தேதி இருந்தது. கண்ணில் பட்டது எதுவானாலும் அன்றே தேதி போட்டுப் பேனாவால் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஏழு குறிப்பேடுகளையும் எடுத்து, கடைசியிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். நுண்ணோக்கியில் பூஞ்சை தெரிந்த நாள். கயிற்றைக் கொதிநீரில் போட்ட நாள். முதல் குறிப்பேட்டின் நடுவில் 'கயிறு' என்ற சொல் முதன்முதலாக வந்தது. அந்தக் கட்டுரை தன் முதல் சோதனைக்குக் கொடுத்திருந்த தேதிக்கு ஒன்றரை வருடம் முந்தையது.

ஜெயித்துவிட்டாள். அப்புறம்தான் வரியை முழுதாகப் படித்தாள்.

'கயிறக்கா சொன்னது: பழைய கயிறு கட்டின வரிசைதான் முதல்ல தலை தொங்குது. பார்க்க வேண்டும்.'

அவளுடைய கையெழுத்துதான். ஆனால், பசுமைக்குடிலில் செடி கட்டும் கயிறக்கா அதைச் சொன்னது சுத்தமாக நினைவில்லை. இத்தனை நாளும் அது தனக்கே தோன்றியது என்று நம்பியிருந்தாள். ஒரு கூட்டத்தில், குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, எதனாலோ, மனசு லேசானது.

ஆசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். நானும் இதையே கண்டிருக்கிறேன். இதை மதிப்பிட நான் சரியான ஆள் இல்லை. அவர்களைக் காக்க வைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. விஷயத்தை அந்த இன்னொரு ஆய்வாளருக்குச் சொன்னாராம். அந்த ஆய்வாளர் பதிலுக்கு எழுதியதை அப்படியே சேர்த்திருந்தார்: 'நான் ஒருத்தி மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் முடிக்கும்வரை காத்திருக்கிறேன். இரண்டும் ஒரே இதழில் வரட்டும்.'

முகம் தெரியாத ஒருத்தி பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பசுமைக்குடிலுக்குப் போனாள். மூன்றாம் வரிசையில், இடுப்பில் கயிற்றுக்கண்டைச் செருகிக்கொண்டு, கயிறக்கா ஏணிமேல் நின்றிருந்தாள். பதினோரு வருடமாகச் செடி கட்டுவதே வேலை. அதனால் வந்த பெயர்.

"அக்கா, கொஞ்சம் இறங்குங்க. ஒரு விஷயம்."

"அங்கிருந்தே சொல்லுங்க டாக்டரம்மா. இறங்கினா முட்டி சண்டைக்கு வரும்."

"கட்டுரையில ரெண்டு பேரு போடப்போறேன். என் பேரு ரெண்டாவது. முதல் பேரு உங்களுது."

"என் பேரா? நான் என்ன பண்ணேன்?"

அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

கயிறக்கா ஏணி ஆடச் சிரித்தாள். "பழைய கயிறு கைய அறுக்குது. இப்படிச் சொன்னாலாவது புதுசு வாங்கித் தருவீங்கன்னு சொல்லியிருப்பேன்!"

"எதுக்குச் சொன்னா என்னக்கா? நீங்க சொல்லலன்னா நான் இன்னும் காத்தத்தான் அளந்துக்கிட்டிருப்பேன். தேங்க்ஸ்கா. நாலு வருஷம் லேட்டு."

கயிறக்கா முழங்கையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"இன்னொரு ஊர்லயும் இதையே கண்டுபிடிச்சிருக்காங்கக்கா. ரெண்டும் ஒண்ணா வருது."

கயிறக்கா ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து கேட்டாள்.

"அங்க செடி கட்டுறது யாரு டாக்டரம்மா? அவங்க பேரப் போட்டிருக்காங்களா?"