நெற்றியில் பாயின் தடம்

நஜ்முன் நிஸாவுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது பேக்கரியின் பாண் கியூவில்தான். அதுவரை அவள் நல்ல பெண்சாதியாகத்தான் இருந்தாள். கியூவில் அவளுக்கு முன்னால் நின்ற றுக்கியா, பாணுக்குப் பதிலாக ஊர்க்கதையை வாங்கிப் போக வந்தவள்.

"சரீபுக்கு இன்னும் முதுகு நோ மாறல்லையா புள்ள? காயம் காஞ்சு எவ்வளவு காலம்! வெளியில காஞ்சா உள்ளேயும் காஞ்சிருக்கும்தானே?"

நஜ்முன் நிஸா வீட்டுக்கு வரும்வரை அந்தக் கேள்வியையே மென்றுகொண்டு வந்தாள்.

சரீப், மூதூர் லாஞ்சின் தண்டையல். திருகோணமலைத் துறையிலிருந்து மூதூர்வரை சுக்கான் பிடிக்கிறவன். மாரியில் ஒருநாள் நனைந்த பலகையில் வழுக்கி, முதுகு அடிபட விழுந்தான். கொழும்பில் முதுகெலும்பில் ஒப்பரேஷன் செய்து, தோல் பட்டி ஒன்றையும் கட்டி அனுப்பினார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நோ கன காலத்துக்கு வந்து வந்து போகும் என்றார் டொக்டர். அது வந்ததைத்தான் நஜ்முன் நிஸா கண்டாள். போனதைக் காணவில்லை.

விடியலுக்கு முன்னமே எழுந்து இடியப்பம் பிழிந்து விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறவள் அவள். அவளுக்கும் முதுகு நோகும். அதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கோபமும் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது. அவன் தேத்தண்ணியை எட்டி எடுக்கும்போது பார்த்தாள், தும்மும்போது பார்த்தாள், தூங்கும்போது கூடப் புரள்கிறானா என்று பார்த்தாள்.

பள்ளிவாசலில் அவன் கதிரையில் உட்கார்ந்தபடியே தொழுதான். குனிந்து நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்ய ஏலாதவனுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் நடுப்பகல் லுஹர் தொழுகையை வீட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தொழுவான். ஒருநாள் தொழுதுவிட்டு வெளியே வந்தவனின் நெற்றியைப் பார்த்து அவள் திடுக்கிட்டாள். பன்பாயின் பின்னல் அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. அடுத்த நாளும் இருந்தது.

'ஆக, குனிய ஏலும்! ஊருக்கு முன்னால் கதிரை, கதவுக்குப் பின்னால் சுஜூது. எனக்கும் ஊருக்கும் நாடகம், அல்லாஹ்வுக்கு மட்டும் ஒழுங்கு!'

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அடுத்த நாள் காலை கடைத்தெருவுக்குப் போய், லாஞ்சு முதலாளி அலியார் முன்னால் நின்றாள். சரீபின் இடத்தில் தாஹிர் என்பவன் தற்காலிகமாகச் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தான். அவனையே நிரந்தரமாக்குவதா என்று அலியார் யோசிக்கிற நேரம் அது.

"அவருக்கு ஏலும் முதலாளி. வீட்டில நல்லாக் குனிஞ்சுதான் தொழுறார். நாளைக்கு வரச் சொல்லுங்க. அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துராதீங்க."

அலியார் தாடியைத் தடவினார். "அப்ப நாளைக்கு வரட்டும். வராட்டி தாஹிருக்குத்தான்."

இனி ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. லுஹருக்கு அவன் கதவைச் சாத்தியதும், சற்றுப் பொறுத்து அவள் மெதுவாகத் திறந்தாள். அவன் சுஜூதில் இருந்தான். எழும்பட்டும், கேட்கிறேன் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் எழும்பவில்லை. கதவுச் சத்தம் கேட்டு இன்னும் நீட்டுகிறான், நல்ல நடிப்புத்தான் என்று அப்போதும் நினைத்தாள்.

பிறகுதான் அவனுடைய இடதுகையைக் கண்டாள். அது கட்டில் காலைத் தேடித் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. எட்டவில்லை. பாயில் வியர்வை சொட்டியிருந்தது. சாதாரணமாக ஒரு சுஜூதுக்குப் பாய் நெற்றியில் அவ்வளவு பதியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் தினமும் தொழுகிறவள்தான்.

"எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கிறீங்க?"

"எழும்பிருவன். நீ போ."

"ஏன் என்னைக் கூப்பிடல்ல?"

"நீ பாக்கிற பார்வைக்கு எப்படிக் கூப்பிடுற?"

அவள் பாயில் மண்டியிட்டாள். அவனைப் பக்கவாட்டில் புரட்டி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தாள்.

"இருந்து தொழுதாப் போதும்தானே? ஏன் இந்த வேலை?"

"பள்ளியில விழுந்தா ஊரே தூக்கும். இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஒருநாளாவது தானா எழும்பினா லாஞ்சுக்குப் போகலாம் எண்டு பாத்தன்."

காலையில் முதலாளியிடம் போனதை அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அலியாரிடம் ஓடினாள்.

"காலையில ஏலும் எண்டீங்க, இப்ப ஏலாது எண்டுறீங்க. புருஷனும் பெண்சாதியும் சேந்து என்ன கதை இது?" அலியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நானே வந்து பாக்கிறன்."

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது சரீப் பட்டியை இறுக்கிக் கட்டி, சேர்ட்டும் போட்டுக்கொண்டு கதிரையருகே நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பு.

"பொம்புளையள் பயப்படுறதுதானே முதலாளி. எனக்கு ஒண்டுமில்ல. நாளைக்கு வாறன்."

"பொய் சொல்லாதீங்க!" என்றாள் நஜ்முன் நிஸா. "முதலாளி, இவருக்கு ஏலாது. நான் இப்பதான் தூக்கிவிட்டனான்!"

அலியாரின் குடை கீழே விழுந்தது. நழுவியதா, நழுவ விட்டாரா, அவருக்கே வெளிச்சம். நஜ்முன் நிஸா ஓடி எடுக்குமுன் சரீப் ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எடுத்து நீட்டினான். சிரிப்புக் கலையவில்லை.

அலியார் குடையை வாங்கிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை நாளும் அவள் சரீபைப் பார்த்த அதே பார்வை.

"நாளைக்கு முதல் லாஞ்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

சரீப் அசையவில்லை.

"போயிட்டாரா?"

"ஓம்."

"தெரு முடக்கால திரும்பிட்டாரா? நல்லாப் பாரு."

அவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "திரும்பிட்டார்."

"அப்ப என்னைப் பிடி."