நாலாவது நிமிஷத்தில் காணாமல் போன 'ங்க'

ஹேமலதாவுக்குத் தோற்கிற உத்தேசமே கிடையாது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து, அறை சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்களையெல்லாம் அதே அறையில் இன்னும் ரெண்டு நாள் தங்கவைத்து அனுப்பியவள். ஒரு வாட்ஸ்அப் குழுவைச் சமாளிக்க முடியாதா என்ன?

குழு என்றால் 'வெளிச்சக் கப்பல்' ரசிகர் குழு. முப்பது வருஷமாக ஓடுகிற அயல்நாட்டு விண்வெளித் தொடர் அது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வரும். இப்போது இணையத்தில் புதுக் குரல்களோடு ஓடுகிறது. முப்பதாம் வருஷத்துக்காகப் பழைய தமிழ்க் குரலில் ஒரே ஒரு எபிசோடை வெளியிடப்போகிறார்களாம்; எது என்று ரசிகர்களே சொல்லட்டும் என்றுவிட்டார்கள். அதை முடிவு செய்யத்தான் பதின்மூன்று பேர் அந்த லாட்ஜில் கூடியிருந்தார்கள். பதினோரு பேர் சென்னை. மிச்சம் ஹேமலதாவும், அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மல்லிகாவும்.

அட்மின் ரஞ்சித்துக்கு 'மூன்று நிலாப் போர்'தான் வேண்டும். அதில் கப்பல் கப்பலாக வெடிக்கும். ஹேமலதாவுக்கு வேண்டியது 'பூட்டிய கதவு'. அதில் ஒரே அறைதான். கேப்டன் உள்ளே மாட்டிக்கொள்கிறார். கப்பலை ஓட்டும் இயந்திரமான அல்லி வெளியே இருந்து அவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். நாலாவது நிமிஷத்திலிருந்து பேசியது அல்லியே இல்லை, அவள் குரலைத் திருடிய எதிரி என்பது கடைசியில்தான் தெரியும். 'ஒரு துப்பும் வைக்காமல் கடைசியில் தூக்கிப் போடுவது ஏமாற்று வேலை' என்று ரஞ்சித் குழுவில் எழுத, ஆளாளுக்குக் கைதட்டினார்கள். ஹேமலதா அதை ரெண்டு தடவை படித்தாள். துப்பு இல்லையாமே! காது இருந்தால்தானே.

அதனால் அன்று காலையிலேயே அவள் ஒரு வேலை செய்தாள். நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பந்தி பரிமாறும் கண்ணம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நான் சொல்ற வரைக்கும் யாருகிட்டயும் 'இருக்குதுங்க', 'இல்லீங்க', 'ஆமாங்க'ன்னு சொல்லக் கூடாது. 'இருக்கு', 'இல்ல', 'ஆமா' அவ்வளவுதான். வாங்க, உக்காருங்க எல்லாம் எப்பவும் போல" என்றாள்.

"நாக்கு கூசுதுங்க கண்ணு. விருந்தாளிககிட்ட அப்படிப் பேசறதா?" என்று கண்ணம்மாள் நொம்ப நேரம் மறுத்தாள். பிறகு ஹேமலதா முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்க, கூடத்தில் ரஞ்சித் தன் மடிக்கணினியிலிருந்து பழைய பதிவைத் திரையில் ஓட்டினான். ஹேமலதா எழுந்தாள்.

"மூணாவது நிமிஷம் வரைக்கும் அல்லி என்ன சொல்றா? 'கதவு சரியாத்தானுங்க இருக்குது கேப்டன்.' நாலாவது நிமிஷம்? 'கதவு பூட்டியாச்சு கேப்டன்.' எங்க போச்சு 'ங்க'? அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு நிமிஷம் ஒரு 'ங்க' இல்ல. இதுதானுங்க துப்பு."

ரஞ்சித் சிரித்தான். "அது டப்பிங்ல விட்டுப்போனது. வேற யாராவது பேசியிருப்பாங்க."

"கடைசி நிமிஷத்தைப் போடுங்க."

போட்டான். கதவு திறந்தது. எதிரியை விரட்டிவிட்டுத் திரும்பிய நிஜ அல்லி சொன்னாள்: "வந்துட்டேனுங்க கேப்டன்."

மஞ்சக்குட்டை கிராமத்து வீட்டில், பதினோரு வயதில், இதைக் கேட்டுத்தான் ஹேமலதா தேம்பித் தேம்பி அழுதாள். ஆகாயத்தில் பறக்கிற கப்பல், தன் ஊட்டு ஆள் மாதிரி பேசிக்கொண்டு திரும்பி வந்தது. அந்தப் பெருமையை அவள் இன்றுவரை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரி, துப்பு இருக்கு," என்று ரஞ்சித் இறங்கி வந்தான். "ஆனா யாருக்குக் கேக்கும்? நம்ம யாருக்கும் கேக்கலையே."

"காலையிலிருந்து கண்ணம்மாக்கா உங்களுக்கெல்லாம் பரிமாறினாங்க. அவங்க பேச்சுல எதையாவது கவனிச்சீங்களா?"

பதினோரு பேரும் விழித்தார்கள். மல்லிகாதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க ஹேமா, நானே கேக்கணும்னு இருந்தேன். சட்னி கேட்டா 'இல்ல'ன்னு வெடுக்குனு சொல்லிட்டுப் போறாங்க. அந்தக்காவுக்கு ஊட்ல ஏதாச்சும் சங்கடமுங்களா?"

ஹேமலதா விளக்கினாள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் நாலாவது நிமிஷத்தை மறுபடி போடச் சொன்னாள். ஆனாலும் ரஞ்சித் மசியவில்லை. "இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மட்டும் கேக்கறதை ஊருக்கே எப்படிக் கொடுக்கிறது? கை தூக்கிடலாம்" என்றான்.

போருக்கு ஆறு கை. கதவுக்கு ஆறு கை. அட்மின் கடைசியில்தான் தூக்குவார் என்பது குழுவின் வழக்கம். தோற்றுவிடுவோமோ என்று ஹேமலதாவுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. ரஞ்சித் எந்தப் பக்கம் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

அந்த நேரம் பார்த்துக் கண்ணம்மாள் டீத்தட்டோடு உள்ளே வந்தாள். ரஞ்சித் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள்.

"டீ இருக்கு. சக்கரை போட்டிருக்கு."

டம்ளரை எடுக்கப்போன கை நின்றது. ரஞ்சித் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்க்கா, எம்மேல ஏதாவது கோவமா?"

கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹேமலதாவைப் பார்த்தபடி கையைத் தூக்கினான்.

"கதவு," என்றான்.

மல்லிகா ஏழு என்று எண்ணி முடித்தாள். ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று கண்ணம்மாளுக்குத் தலையாட்டினாள். கண்ணம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"சக்கரை போதுங்களா சார்?"