சீனியின் சைவம்

என் மனைவி கமலாசனி போன பிறகு எங்கள் வீட்டில் ஒழுங்காகத் துக்கம் காத்தது நாய்தான் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். சீனி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் சாப்பிட்டேன். அது எல்லோருடைய கண்ணிலும் பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மைத்துனி பத்மாதேவி, "நாய்க்கு இருக்கிற பாசத்தைப் பாருங்கோ" என்று சொன்னபோது என் கையில் இரண்டாவது இடியப்பம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, வந்தவர்கள் புறப்பட்டார்கள். சீனி மட்டும் துக்கத்தை விடவில்லை. கொஞ்சம் பால் நக்கும், அவ்வளவுதான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் விட்டுப்போனவற்றில் மூச்சுவிடுவது அது ஒன்றுதான். அதையும் அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை.

கண்டியில் மிருக வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நிபந்தனை என்னுடையதல்ல, அவளுடையது. நாய் வைரவருடைய வாகனம்; சூலத்துக்கு விளக்கேற்றுகிற வீட்டில் வாகனம் மச்சம் தின்னக்கூடாது. சோறும் பருப்பும் தயிரும்தான் அதற்கு; மீனோ இறைச்சியோ வாசற்படி ஏறாது. இதே சட்டம் சீனி பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, கலியாணமான கிழமையில், அதுவரை மீனில்லாமல் சாப்பிட்டறியாத எனக்கும் வந்திருந்தது. அப்போது வைரவரைக் காரணம் காட்டவில்லை. காரணமே சொல்லவில்லை.

முதலில் போனது நகரத்தில், குளிரூட்டிய இடத்துக்கு. அந்த வைத்தியர் சீனியைத் தொடுவதற்கு முன்பே இரத்தத்தைச் சோதிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் சொன்னார். கடைசியில் வெளிநாட்டு நாய்ச் சாப்பாட்டுப் பை ஒன்றை மேசையில் வைத்தார். பையின் மேல் ஒரு கோழி சிரித்துக்கொண்டிருந்தது. கோழி இல்லாத பை உண்டா என்று கேட்டேன். உண்டு, விலை இரண்டு மடங்கு என்றார். என் பென்சனில் அதை வாங்கினால் நாய் விரதம் முடிக்கும், நான் தொடங்க வேண்டும்.

பிறகு அரசாங்க மிருக வைத்திய அலுவலகம். அங்கே காசு கேட்கமாட்டார்கள். இரண்டு பசுக்களுக்குப் பின்னால் காத்திருந்தோம். வைத்தியர் நல்ல மனிதர். கோழி ஈரலை அவித்துக் கொடுக்கும்படி சிங்களத்தில் சொன்னார். என் மனைவிக்கு அது விருப்பமில்லை என்றேன். அப்படியானால் மனைவியைக் கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன் என்றார். அவ இறந்துவிட்டா என்றேன். பிறகென்ன, பிரச்சினை தீர்ந்ததே என்று சொல்லி அடுத்த பசுவைக் கூப்பிட்டார்.

பால்காரர்தான் அம்பிட்டியவில் இருந்த சேதுராமனைப் பற்றிச் சொன்னார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வைத்தியரானவர்; ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முன்னறையிலேயே பார்க்கிறார்; கொடுப்பதை வாங்கிக்கொள்வார். நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் சிரிக்கவில்லை. சீனியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"சைவமாவே வைத்தியம் பாத்துருவோம்ங்க ஐயா. அம்மா சொன்னா சொன்னதுதான்."

அவள் செத்த பிறகு அவளுடைய சொல்லுக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள் அவர். எனக்குக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

சத்து மருந்து ஒன்றை ஊற்றிக்கொண்டே, பொழுதுபட்டால் நாய் எங்கே போகும் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகும் என்றேன். யாரோடு விளையாடும் என்றார். யோசித்தேன். பக்கத்து வீட்டு அனீஸாவிடம் நாயும் இல்லை, சின்னப் பிள்ளைகளும் இல்லை.

"ஒங்க விருப்பத்தச் சொல்லிட்டீங்க, அம்மா விருப்பத்தையும் சொல்லிட்டீங்க. அதோட விருப்பத்தையும் ஒரு வாட்டி கேட்டுப் பாருங்களேன். சாயங்காலம் கயித்த அவுத்துவிட்டுட்டுப் பின்னாடியே போங்க."

போனேன். சீனி தள்ளாடித் தள்ளாடி வேலியில் ஓட்டையாயிருந்த பொட்டுக்குள் நுழைந்து, அனீஸா சமைக்கிற குசினிக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. கதவு சாத்தியிருந்தது. வலது முன்னங்காலால் அதை ஒருமுறை தட்டியது. பழகிய தட்டு.

அனீஸா திறந்தாள். நாய்க்குப் பின்னால் நான் நிற்பதைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் ஒண்டும் குடுக்கல்ல அங்கிள்" என்றாள். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. சீனி குட்டியாக இருந்தபோது பருப்புச் சோறு தின்னாமல் சாகக் கிடந்ததாம். அன்றைக்குக் கமலாசனி இதே கதவுக்கு வந்து அழுதாளாம். அன்றிலிருந்து தினமும் மீன் தலையும் சோறும். கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து கொடுப்பவள் கமலாசனியேதான். எனக்குச் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாளாம்.

"பிறகேன் பிள்ளை நிப்பாட்டினனீங்கள்?"

"ஆன்ட்டி மவுத்தான ஊடெல்லவா அங்கிள். முப்பத்தொண்டு முடியிற வரைக்கும் ஒங்கட ஊட்டுக்கு மச்சம் சேராதே. நாயும் அந்த ஊட்டு ஆள்தானே. முடிஞ்ச பொறகு திருப்பிக் குடுக்கலாமா எண்டு ஒங்களுக்கிட்ட எப்பிடிக் கேக்கிற?"

தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, அது தட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க வானொலியைப் போடுவாளாம்.

"முடிஞ்சுது பிள்ளை. குடுங்கோ."

அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகத் துக்கம் காத்த நாய் அதை முடிக்க எடுத்த நேரத்தை என்னவென்று சொல்வது. முள்ளை நொறுக்குகிற சத்தத்தை நான் நின்று கேட்டேன். இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் சட்டத்தை மீறாமல் சைவமாக இருந்தது நானும் வைரவரும்தான்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"என்னைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

அனீஸா குசினி ஜன்னலைக் காட்டினாள்.

"மீன் பொரிக்கிற நேரம் ஜன்னலச் சாத்திக்கோ மகள் எண்டு செல்லுவாங்க. அங்கிளுக்கு வாசம் பட்டா அந்த நாள் முழுக்கச் சோறு எறங்காதாம். பாவமாம்."

எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. "இனிச் சாத்த வேண்டாம்" என்றேன்.

சீனி வெறும் கிண்ணத்தை நக்கி நக்கி வேலி வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருந்தது.