எர்த் வயர்

நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா. மெக்கானிக் ஹயாத்து முகம்மது, கில்பட்டுக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் கில்பட், தன் பழைய ஜப்பான் காருக்கு டர்போ ஏற்றிய நாளிலிருந்து அதற்கு ஐட்லிங் நிற்பதில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் வேகம் ஏறும், இறங்கும், நூந்து நின்றுவிடும். கொழும்பிலிருந்து அந்த விலைக்கு ஐட்ல் வால்வு எடுப்பித்து மாட்டிய ஹயாத்து, "இதுல சரி வரல்லண்டா காசத் திருப்பித் தருவன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். சரி வரவில்லை. இன்று சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழு எடுக்கப் போனவர் கிணற்றடியிலேயே மௌத்தாகிவிட்டார்.

பின்வளவில் திரை கட்டி மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வளவு கராஜில் ஹயாத்தின் தம்பி அஸ்மின், கில்பட்டின் காரின் பொனட்டைத் திறந்தான். பகல் ளுஹர் தொழுகையோடு ஜனாஸா. மையித்தை எடுக்குமுன், நானா யாருக்காவது கடன்பட்டிருந்தால் தன்னிடம் கேட்கலாமென்று சபைக்குச் சொல்லி அதை ஏற்க வேண்டியவன் அவன்தான். உப்பளத்து நாட்கூலியில் கையில் மிஞ்சியிருந்தது மூவாயிரம்.

"மையித்து வீட்டுல இதென்ன வேல?" ஜன்னலுக்குள்ளிருந்து ஹயாத்தின் மனைவி, மதினி அக்கீலா.

"கில்பட்டுக்குக் காசு குடுக்கணும் மதினி. இது சரி வந்தா தேவல்ல."

ஜன்னல் கம்பிக்குள்ளால் ஹயாத்தின் சாமான் பெட்டிச் சாவி நீண்டது.

கில்பட் பக்கத்தில் நெளிந்தான். "அத இப்ப விடுங்க அஸ்மின்."

"காசு வேணாமெண்டு செல்றீங்களா?"

கில்பட் செருப்பைப் பார்த்தான். "ரெண்டு குளத்து இறாலும் நோயில போயிட்டு..."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஹயாத்து நானா மூணு கிழம பாத்து விளங்காதது, உப்பு வாருற உங்களுக்கு விளங்குமா?"

"நானாவும் எனக்கு இதத்தான் செல்லுவாரு."

இஞ்சின் வேகம் காட்டும் ஊசி அறுநூறுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் இடையில் அலைந்தது. குழாய் மூட்டுகளிலெல்லாம் கிளீனர் அடித்துப் பார்த்தான். சத்தம் மாறவில்லை, ஆகவே காற்று எங்கும் கள்ளமாய் உள்ளே போகவில்லை. டோர்ச்சோடு கீழே படுத்தான். இஞ்சினில் எர்த் வயர் பூட்டிய போல்ட்டில் வெள்ளையாக ஏதோ. மெக்கானிக் கண்ணுக்கு அது வெறும் ஊத்தை. அஸ்மின் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு. உப்புத் தண்ணீர்க் களப்புக் கரையில் நிறுத்துகிற கார். வயருக்குள் செம்பு பச்சையாக அரித்துக் கிடந்தது. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் வால்வு என்ன செய்யும்? வெட்டி, சுரண்டி, புதுத் துண்டு போட்டு இறுக்கினான்.

இப்போது ஊசி அலையவில்லை. ஆனால் ஆயிரத்து நானூறில் நின்றது. இஞ்சின் நூராமல் இருக்கட்டுமென்று ஹயாத்து ஐட்ல் ஸ்க்ரூவை உள்ளே திருகி வைத்திருந்தார். அஸ்மின் கால் சுற்றாகத் தளர்த்தினான். ஆறு தரம். நானா திருகியதெல்லாம் கழன்றது. எண்ணூற்றைம்பது. லைட் போட்டான், ஏசி போட்டான். ஊசி அசையவில்லை.

"இஞ்சின நூக்கட்டா?" என்றான் கில்பட்.

"ஓடட்டும். சூடேறின பொறகும் நிக்கணும்."

அவன் கை கழுவி வர, மையித்து வைத்த சந்தூக்கை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சபைக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்கட நானா ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா, என்னட்டக் கேளுங்க."

ஆட்களுக்குப் பின்னால் நின்ற கில்பட், தனக்கு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினான். பிறகு காருக்குள் கையை விட்டு இஞ்சினை நூத்தான். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை.