ஒன்பதாம் சேனலில் வராதவர்

மைக்கின் கழுத்திலிருந்த நீல நிற நான்காம் சேனல் எண்ணைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, சிவப்பு ஒன்பதை எடுத்து மாட்ட முயன்றுகொண்டிருந்தாள் அந்தப் பெண். குளிரில் விரல்கள் விறைத்துப்போயிருக்க வேண்டும். ஒன்பது நழுவி, தேவாலயத்தின் பின்வாசலில் தேங்கிக்கிடந்த பனிச்சேற்றில் விழுந்தது. காரிலிருந்து சாண்ட்விச் தட்டை எடுத்துக்கொண்டு வந்த ரோக்ஸான் நின்று பார்த்தாள்.

"நீங்க நாலா, ஒன்பதா?"

"ரெண்டும்தான் மேடம்." குனிந்து எண்ணை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். "ஷெல்பி ரேன்கின். ரெண்டு சேனலுக்கும் செய்தி நான்தான். கேமரா நான்தான். வண்டி ஓட்டுறதும் நான்தான்." பேச்சில் தெற்கத்தி இழுப்பு இருந்தது. கோட்டும் தெற்கத்திக் கோட்டுதான். ஏப்ரல் மாதத்து சுப்பீரியர் ஏரிக் காற்றுக்கு அது கைக்குட்டை மாதிரி. "அப்பா போனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன் மேடம். உங்க அம்மாகிட்ட ரெண்டே நிமிஷம் பேசணும்."

ரோக்ஸான் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். புதன்கிழமை சேனலிலிருந்து யாரோ கூப்பிட்டபோதே போனை வைத்துவிட்டவள் அவள். அப்பா எல்வுட் சாரியை அந்தச் சேனல் எப்படி அனுப்பியது என்பதை அவள் மறக்கவில்லை. நான்காம் சேனலில் பாதி வாழ்நாள் வானிலை சொன்ன மனிதர். ஒருநாள் இரண்டு சேனல்களையும் ஒரே முதலாளி ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு அறையில் அப்பாவையும் ஒன்பதாம் சேனலின் வானிலைக்காரர் கிளெமென்ட் பூஷாமையும் எதிரெதிரே உட்காரவைத்து, மேசை நடுவில் ஒரு தொலைபேசியை வைத்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு குரல் நன்றி சொல்லி இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து டெக்சஸில் ஒருவன் அரைக்கைச் சட்டையோடு நின்று இந்த ஊர்ப் பனியைப் பற்றிச் சொல்கிறான், ஊர்ப் பெயர்களைத் தப்பும் தவறுமாக. நான்குக்கும் அவன்தான், ஒன்பதுக்கும் அவன்தான்.

ஆனாலும் அந்தப் பெண்ணின் காலில் இருந்தது பாதி பாதம் தெரியும் வெறும் பம்ப் ஷூ. சேறு உள்ளே போய்விட்டிருந்தது.

"உள்ள வாங்க. காப்பியாவது குடிங்க," என்றாள் ரோக்ஸான்.

ஆராதனை முடிந்து, கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் மணத்தன. கூடம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. எல்வுட் சாரியின் சாவுக்கு யாராலும் நெடுநேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அம்மா ஐலா நடு மேசையில் உட்கார்ந்து, மண் இன்னும் உறைந்துகிடப்பதால் அடக்கம் மே மாதம்தான் என்பதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்ல வசந்தம் வந்துரும்னு வருஷா வருஷம் சொன்ன மனுஷன். இப்ப மே வரைக்கும் அவரே காத்துக்கிடக்கட்டும்."

ரோக்ஸான் ஷெல்பியை அம்மாவிடம் கூட்டிப்போனாள். அம்மா பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"அது என்ன சிவப்பா?"

"ஒன்பது, மேடம். முதல்ல நாலு மாட்டி ஒரு தடவை சொல்லுங்க, அப்புறம் இதை மாட்டி அதையே இன்னொரு தடவை. ரெண்டுலயும் ஒரே செய்திதான் போகும்."

"அவரு ஒன்பதுல வரமாட்டாரு," என்றாள் அம்மா, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

ஷெல்பிக்குப் புரியவில்லை. ஊருக்கே புரிந்த விஷயம் அது. அப்பா வெயில் என்று சொன்ன ஒரு நாளில் மாவட்டத் திருவிழா மழையில் மிதந்தது. அன்று இரவு ஒன்பதாம் சேனலில் பூஷாம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாலாம் சேனல்காரர் தனியா மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல. பேரைச் சொன்னாலே போதும்." சாரி என்றால் ஃபின்லாந்து மொழியில் தீவு. ஊர்க்காரர்கள் காதில் அது அன்றிலிருந்து மன்னிப்பாகிவிட்டது. சாகும்வரை ஒன்பதில் தன் முகம் வராது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆளுயர மீன் ஒன்றைப் பிடித்தபோது ஒன்பதின் கேமரா வீடுவரை வந்தது. மீனை மட்டும் வெளியே நீட்டிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சாகுற வரைக்கும்னுதானேம்மா சொன்னாரு," என்றாள் ரோக்ஸான். "இப்பதான்…"

"செத்ததும் வாக்கு மாறுமா? நீ யாரு பக்கம்டி?"

ஷெல்பி காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேற வழி இல்ல மேடம். ஒரே செய்தி, ரெண்டு சேனல்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இங்க முடிச்சிட்டு மூணு மணிக்குப் பள்ளிக்கூட போர்டு கூட்டத்துக்குப் போகணும். அது இல்லாம…" நிறுத்தினாள்.

"சொல்லுங்க," என்றாள் ரோக்ஸான்.

"அவரு படம் எதுவும் எங்ககிட்ட இல்ல. நேத்து முழுக்கத் தேடினேன். ரெண்டு சேனலும் ஒரே கட்டடத்துக்கு மாறினப்ப பழைய டேப் எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டாங்களாம். வாடகை இடம் பத்தலன்னு. ஒரு போட்டோ மட்டும் இருக்கு. நீங்க வீட்டுல ஏதாவது பதிவு பண்ணி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"தினம் வீட்டுக்கு வர்ற ஆளை யாரு பதிவு பண்ணுவாங்க?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் போன் வந்ததிலிருந்து ரோக்ஸான் ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, சவப்பெட்டி பார்த்து, பாதிரியாரிடம் பேசி, ரொட்டிக்குச் சொல்லி. அப்பாவின் முகத்தைப் பெட்டிக்குள் பார்த்தபோதுகூட டை கோணலாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அவருடைய குரல் இனி எங்கும் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒலித்த குரல்.

"எங்கிட்ட இருக்கு," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

பூஷாம்தான். இரண்டாவது தட்டுச் சாப்பாட்டோடு நின்றிருந்தார். நெடிய உடம்பு, எண்பது வயதிலும் வளையவில்லை. வேலை போன அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் அப்பா அவரிடம், "இங்க காப்பி நல்லா இருக்காது, வா," என்றாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் பேக்கரியில் உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று சண்டை போட்டார்கள். வெல்வது பெரும்பாலும் பூஷாம்தான்.

"டேப் வச்சிருக்கீங்களா?" என்றாள் ஷெல்பி.

"டேப் எதுக்கு? எல்வுட் மாதிரிப் பேசிக் காட்டித்தானே எங்க ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்தை எல்லாம் ஓட்டினேன். ஐலா, உனக்கு ஆட்சேபம் இல்லன்னா."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஒன்பதுலயா?"

"ஒன்பதுல வரப்போறது நான். எல்வுட் இல்ல. என் சேனல்ல நான் வர்றதை அவரு எப்படித் தடுப்பாரு?"

அம்மா யோசித்தாள். ஒரு வக்கீலின் வாதத்தை எடைபோடுவது போலிருந்தது. "சரி," என்றாள். "நாலுல நான் பேசறேன். ஒன்பதுல நீ. ரெண்டும் ஒண்ணா இருக்கக்கூடாது. ஒரே மாதிரி சொல்லக்கூடாதுன்னுதானே அவரு காலம் பூரா பாடுபட்டாரு."

எல்லாரும் ஷெல்பியைப் பார்த்தார்கள். இரண்டு செய்தி என்றால் இரண்டு மடங்கு வேலை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"போர்டு கூட்டத்துல எப்படியும் முதல் அரை மணி நேரம் பழைய தீர்மானத்தைத்தான் படிப்பாங்க," என்றாள்.

முதலில் அம்மா. நீல எண்ணின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"கடைசியா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"அந்த டெக்சஸ்காரனை வைஞ்சுக்கிட்டு இருந்தாரு. நாற்காலில உக்காந்து, டீவியப் பாத்து. நான் அடுப்படியில இருந்தேன். திடீர்னு வையறத நிறுத்திட்டாரு." அம்மா கவுனின் விளிம்பை நீவினாள். "ஏதோ சரியா சொல்லிட்டான் போலன்னு நினைச்சேன்."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அம்மாதான் முதலில் மறுபடி சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

பூஷாமுக்குச் சுவரில் மாட்டியிருந்த பழைய உலக வரைபடம் போதுமானதாக இருந்தது. மிஷன் பணிக்காக எந்தக் காலத்திலோ மாட்டியது. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஷெல்பிக்குக் கேமராவைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. சட்டையில் குத்தும் மைக் ஒன்றுதான் இரு சேனலுக்கும், அதுவும் பழுதுபார்க்கப் போயிருந்தது.

"மேடம், இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

சிவப்பு ஒன்பதை ரோக்ஸான் வாங்கிப் பூஷாமின் முகவாய்க்குக் கீழே நீட்டினாள்.

பூஷாம் தொண்டையைச் செருமினார். தோளை லேசாகச் சரித்தார். அவ்வளவுதான், உயரம் குறைந்துவிட்டது. வரைபடத்தின் முன்னால் போய், ஐரோப்பா முழுவதும் மறையும்படி நின்றுகொண்டார். கூடம் அதிர்ந்தது. அப்பா எப்போதும் அப்படித்தான் நிற்பார். மேற்கு மாவட்டத்துக்காரர்கள் அவருக்கு வேலை போகும்வரை தங்கள் வானிலையைப் பார்த்ததே இல்லை.

"வணக்கம், நான் எல்வுட் சாரி," என்றார் பூஷாம்.

குரல் அதேதான். மூக்கிலிருந்து கொஞ்சம், நெஞ்சிலிருந்து மிச்சம். ரோக்ஸான் இன்னொரு கையையும் கொடுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நான் சொன்ன வெயிலைப் பத்தி நாம யாரும் பேச வேண்டாம். இன்னிக்கு ஏரிப் பக்கமிருந்து…" கை ஆப்பிரிக்காவைத் தடவியது. "…காத்து வருது. வடக்கு ஆளுங்க மண்வெட்டிய வாசல்லயே வச்சுக்குங்க. கிழக்கு ஆளுங்க பக்கத்து வீட்டு மண்வெட்டியத் திருப்பிக் குடுத்துருங்க. மேற்கு ஆளுங்க…" திரும்பிப் பின்னால் பார்த்தார். "இங்கதான் எங்கயோ இருந்தீங்க."

பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பில். யாரோ மேசையைத் தட்டினார்கள். பூஷாம் எல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்தார். அப்பாவும் முடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பார், ஏதோ மறந்துவிட்டவர் போல. பிறகு கேமராவைப் பார்க்காமல், கேமராவுக்குக் கொஞ்சம் கீழே பார்த்தார்.

"அவ்வளவுதான். ரோக்ஸான், தொப்பி."

ரோக்ஸான் எட்டாம் வகுப்பு படித்தபோது தொடங்கியது அது. முடி கலைந்துவிடும் என்று தொப்பி போடாமல் பள்ளிக்கூடம் போவாள். இரவு வேலை பார்க்கும் அப்பாவுக்கு அவளிடம் அதைச் சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லை. பனிக்காலம் முழுவதும் வானிலையின் கடைசியில் சொன்னார். மறுநாள் பஸ்ஸில் பையன்கள் கோரஸாகச் சொன்னார்கள். பால்காரர் சொன்னார். அவள் அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். அவள் கல்யாணமாகித் தெற்கே போன பிறகும் அப்பா சொல்வதை நிறுத்தவில்லை என்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் இருந்த ஊரில் நான்காம் சேனல் வராது.

"கட்," என்றாள் ஷெல்பி, மெதுவாக.

ரோக்ஸான் மைக்கை நீட்டியபடியே நின்றாள். பூஷாம்தான் அதை அவள் விரல்களிலிருந்து எடுத்து ஷெல்பியிடம் கொடுத்தார்.

ஷெல்பி கிளம்பும்போது ரோக்ஸான் தேவாலயத்தின் சாமான் அறையில் துழாவி, யாரோ விட்டுப்போன ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு அளவு பெரிது. போட்டுக்கொண்டு தபதபவென்று வண்டிக்கு ஓடினாள் அந்தப் பெண்.

மாலை ஆறு மணிக்கு வீடு நிறைந்திருந்தது. முன்னறை டீவியில் நான்கு, அடுப்படிச் சின்ன டீவியில் ஒன்பது. அப்படித்தான் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. மேலிடத்தில் யாரும் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டார்களா தெரியவில்லை, இரண்டு செய்தியும் வந்தன. முன்னறையில் அம்மாவின் குரல் கேட்டது, எல்லாரும் அவளையே அவளுக்குக் காட்டிச் சிரித்தார்கள். "என் தலைமுடி ஏன் அப்படி நிக்குது?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோக்ஸி, வா, இங்க வந்து பாரு."

"வர்றேம்மா," என்றாள் ரோக்ஸான். போகவில்லை. அடுப்படியில் கோப்பைகள் மலைபோலக் கிடந்தன. சின்னத் திரையில் பூஷாம் ஐரோப்பாவை மறைத்துக்கொண்டு நின்றார். படத்தின் ஓரத்தில் சிவப்பு ஒன்பதைப் பிடித்திருந்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவளுடைய கைகள்.

அது முடிந்து டெக்சஸ்காரன் வந்தான். முன்னறையிலும் வந்தான். ஒரே வாய், ஒரே கையசைப்பு, அரை நொடி முன்பின். "ரெண்டு தடவை தப்பு," என்று அங்கே யாரோ சொல்ல, அம்மா அவனை அப்பாவின் வார்த்தைகளிலேயே வையத் தொடங்கினாள். வீடே அவளோடு சேர்ந்துகொண்டது.

தன் காப்பிக் கோப்பையை வைப்பதற்காகப் பூஷாம் அடுப்படிக்குள் வந்தார். ரோக்ஸான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவர் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

ஈரக் கோப்பைகள் எல்லாம் தீர்ந்த பிறகு, அலமாரியில் இருந்த சுத்தமான கோப்பைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.