கமெண்ட்ரி டிரைவர்

பஸ் ஓட்டிய காலத்தில் அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கையும் காலும் என்ன செய்கிறதோ அதை வாயும் சொல்லியாக வேண்டும். டர்ன் என்றபடியே திருப்புவார், பிரேக் என்றபடியே மிதிப்பார். டிப்போவில் அவருக்குக் கமெண்ட்ரி என்றே பெயர். மனைவி ஏறினால் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் என்ஜின் மூடியை இடது கையால் இரண்டு தட்டு தட்டுவார். அதுதான் அவளுக்கு இடம்.

வீட்டிலும் இதே கூத்து. கதவைச் சாத்தும்போதுகூட லாக் என்பார். கொஞ்ச நேரம் அந்த வாய்க்கும் ஒரு பூட்டுப் போடுங்களேன் என்று அவள் எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். தன் நாக்கில் இருந்த சனிதான் பலித்துவிட்டதோ என்று இப்போது அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. கால் சற்றுத் தேறி, இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை. தன்னை யாரென்று அவருக்குத் தெரிகிறதா என்பதே அவளுக்குச் சந்தேகம். டாக்டரிடம் கேட்கவும் பயம். தெரியாது என்று சொல்லிவிட்டால்?

ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சி அறையில் இன்று கடைசிப் பரிசோதனை. ஒரு வார்த்தை வந்தால் பயிற்சி தொடரும். வராவிட்டால், காத்திருக்கும் வேறொருவருக்கு இடம் போய்விடும். பயிற்சி கொடுக்கும் பெண் நல்லவள்தான், சட்டம் அவள் போட்டதல்ல. பொருளுக்கும் செயலுக்கும் ஒரே சொல்லாக இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளை அவருக்காகவே பொறுக்கி வைத்திருந்தாள்: லாக், பிரஷ், பிரேக். பெயராக வராத சொல் செயலாக வரலாம், மூளையில் இரண்டுக்கும் பாதை வேறு என்று விளக்கியிருந்தாள். எந்தப் பாதையில் வந்தால் என்ன, வந்து தொலைத்தால் போதும் என்றிருந்தது மனைவிக்கு.

படங்களைக் காட்டியபோது அவர் வெறித்துப் பார்த்தார். பூட்டைக் கொடுத்தால் சாவியைத் திருகினார், பிரஷ்ஷைக் கொடுத்தால் பல் தேய்த்தார். உதடு அசையவில்லை.

"இன்னிக்கு இது போதும்க்கா. அவரும் களைச்சுட்டார்" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவி அவருக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை விட்டு எழுந்தாள். மேஜை மேலிருந்த வட்டத் தட்டை எடுத்து அவருடைய இடது கையில் திணித்தாள். ஸ்டியரிங் என்றாள், வண்டியை எடுங்க என்றாள், கெஞ்சினாள், திட்டினாள். அவர் தட்டை ஒருமுறை திருப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஊர் ரோட்டுக்கெல்லாம் பேசினீங்களே, எனக்குன்னு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கலையா?"

அவளுக்கு என்ன வந்ததோ, சுவர்வரை போனாள், திரும்பினாள், அவருக்குக் குறுக்கே கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். நடுரோட்டில் விழுந்து சாகத் துணிந்தவளின் ஓட்டம் அது.

இழுத்துக்கொண்டு கிடந்த வலது கால் எழும்பித் தரையில் அறைந்தது.

"பிரேக்."

துருப்பிடித்த குரல், ஆனால் அவர் குரல்தான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயிற்சி நிற்காதுக்கா என்றாள்.

மனைவி இருந்த இடத்திலேயே நின்று அழுதாள். சந்தோஷம் பாதிகூட இல்லை. குறுக்கே நாய் வந்தாலும் மிதிக்கிற மனுஷன்தானே இவர். நாயா நானா என்று இவருக்குத் தெரிந்ததா?

"காலை எடுங்க, வலிக்கும்" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. கால் நடுங்கியது, அப்படியும் அழுத்திக்கொண்டே இருந்தார். தட்டை மடியில் வைத்தார். பிறகு, அவள் எழுந்து வந்த பக்கத்து நாற்காலியை இடது கையால் இரண்டு தட்டு தட்டினார்.